கருவாட்டோடு போன கடைசிப் பக்கங்கள்

ஜெகதீஸைப் பார்க்க வருகிற சனம் குறைந்துபோனதற்குக் காரணம் அவனுடைய கால்கள் அல்ல, புத்தகங்கள்தான் என்று அவன் மனைவி றஞ்சனி அடித்துச் சொல்வாள். நோயாளியைப் பார்க்க வருகிறவன் என்ன நினைத்துக்கொண்டு வருவான்? ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கட்டிலடியில் வைப்பது, நாலு பேச்சுக்கு உச்சுக்கொட்டுவது, ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெளிக்கிடுவது. எங்கேயும் நடக்கிறது அதுதான். இந்த வீட்டில் மட்டும் வந்தவன் கதிரையில் சரியாகச் சாய்வதற்கு முன்னமே ஜெகதீஸின் கை தலையணைக்குக் கீழே போய்விடும்.

"இந்தா, இதைக் கொண்டுபோய் வாசி. மனிசராப் பிறந்த எல்லாரும் வாசிக்க வேணும்."

"எனக்கெங்க அண்ணை நேரம்..."

"கடலுக்குப் போகாத நாளில என்ன செய்யிறனி? படுத்துக் கிடக்கிறாய்தானே. கிடந்துகொண்டு வாசி. நானும் கிடந்துகொண்டுதான் வாசிக்கிறன்."

மூன்று வருசமாகக் கட்டிலில் கிடக்கிற மனிதன் இப்படிச் சொன்னால் எவன் மறுத்துப் பேசுவான்? வாங்கிக்கொண்டு போவார்கள். பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள், ஏனென்றால் அடுத்த முறை வந்தால் கேள்வி கேட்பான். குடிதண்ணி கொண்டுவருகிற பவுசர் லொறி ஓடுகிற மிரோஜன், வாங்கின புத்தகத்தை வாசிக்காத பயத்தில், இந்த ஒழுங்கைக்குள் வருவதையே நிறுத்திவிட்டான். குடங்களைத் தூக்கிக்கொண்டு சந்தி வரைக்கும் ஓடவேண்டியது றஞ்சனிதான். கோயிலில் முன்பு இருந்த பங்குச் சுவாமியார் ஒருவர் மட்டும் முழுதாக வாசித்து, "நல்ல புத்தகம்தான், ஆனால் கொஞ்சம் துக்கம் கூடிப்போச்சு" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த மாதம் அவருக்கு மாற்றல் வந்தது. எல்லாச் சுவாமிமாருக்கும் வருகிற மாற்றல்தான். ஜெகதீஸ் அதற்கும், "மற்றப் புத்தகத்துக்குப் பயந்து ஓடிட்டார்" என்றான்.

அவன் எல்லாருக்கும் சிபாரிசு செய்கிற புத்தகங்கள் பல இருந்தன. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றை வைத்திருந்தான். அதை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டான், பெயரைச் சொல்லவும் அவனால் ஏலாது. அதற்கு மட்டை இல்லை. முதல் பக்கங்கள் இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை.

அடுத்த வளவில் இருக்கிற அவனுடைய தமக்கை றோஸ் கருவாடு விற்கிறவள். சுற்றிக் கொடுப்பதற்குப் பழைய கடதாசியை நிறுத்து வாங்கிவருவாள். ஒருநாள் பேப்பர் முடிந்துபோக, கடதாசிக் கட்டின் அடியில் கிடந்த ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் கிழித்துச் சுற்றினாள். நடுப்பகுதி இறுக்கித் தைத்திருந்தபடியால் கிழிக்க வரவில்லை. எரிச்சலோடு அந்த மிச்சத்தைக் கொண்டுவந்து தம்பியின் கட்டிலில் போட்டாள். சுவரைப் பார்த்தபடி, சாப்பாட்டையும் பேச்சையும் வெறுத்துக் கிடந்த ஜெகதீஸ் வாசித்த முதல் புத்தகம் அதுதான்.

"என்ரை புத்தகத்தின்ரை முடிவை நாரந்தனையில ஆரோ ஒருத்தன் பாரைக் கருவாட்டோட கொண்டு போயிட்டான், அக்கா" என்று றோஸைக் காண்கிற நேரமெல்லாம் சொல்லுவான்.

"கருவாடு நல்லாயிருந்தது எண்டு அவன் திருப்பியும் வந்தவன்" என்பாள் றோஸ். "முடிவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

அந்த ஐப்பசியில் வாடைக் காற்று இன்னும் சரியாகப் பிறக்கவில்லை. காற்றும் இல்லை, மழையும் இல்லை, புழுக்கம் மட்டும்தான். புளியங்கூடல் சந்தியில் பஸ்சால் இறங்கி, கடற்கரைப் பக்கம் போகிற மக்கி றோட்டில் றஞ்சனி நடந்து வந்தாள். தோளில் தொங்கின பைக்குள் சாப்பாட்டுப் பெட்டியும், வாசிகசாலையிலிருந்து எடுத்த புத்தகமும் இருந்தன. காலையிலிருந்து நின்ற நிலையில் நண்டு உடைத்த முதுகு, மடக்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது என்று அடம்பிடித்தது.

நண்டுக் கொம்பனியில் வேலை. அவித்த நண்டு மேசையில் மலையாகக் கொட்டிக் கிடக்கும். ஓட்டைப் பிளந்து, காலை முறித்து, சதை உடையாமல் கத்தி நுனியால் எடுத்து ஐஸ் போட்ட தட்டில் வைக்கவேண்டும். அவள் விரல்களில் ஓடு கிழித்த கோடுகள் மாறுவதற்குள் புதுக் கோடுகள் விழுந்துவிடும். மணம் மட்டும் எதற்கும் போகாது. வீட்டுக்கு வந்ததும் தேசிக்காய்ப் பாதியைக் கையில் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவுவாள். அதற்குப் பிறகுதான் அவனுடைய புத்தகங்களில் கை வைப்பாள். அது அவன் சொன்ன சட்டம் இல்லை. அவளாகப் போட்டுக்கொண்டது.

"இந்தாங்கோ" என்று புதுப் புத்தகத்தை நீட்டினாள்.

அவன் வாங்கி, வழமைபோல முதலில் மூக்கருகே கொண்டுபோனான். "மட்டை மணக்குது."

"பைக்குள்ள வந்தா மணக்காதோ? வாசிகசாலை நிரோஜினிப் பிள்ளையும் சொன்னவள், அக்கா, உங்கட வீட்டுக்குப் போய் வாற புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப்போடுவன் எண்டு."

"உள்ளுக்கு மணக்கேல்லை" என்று ஜெகதீஸ் சிரித்தான்.

அது இருவருக்கும் மட்டும் தெரிந்த பகிடி. ஒருமுறை அவனுடைய ஆக்கினை தாங்காமல், அவன் வாசிக்கச் சொன்ன புத்தகத்தை வாசித்துவிட்டதாகப் பொய் சொன்னாள். எங்கே வாசித்தாய் என்று கேட்டான். கொம்பனியில், சாப்பாட்டு நேரம் என்றாள். அவன் புத்தகத்தை விரித்து ஒவ்வொரு பக்கமாக மணந்து பார்த்துவிட்டு, "நண்டு உடைக்கிற கை பட்ட பக்கம் மணக்காமல் இருக்குமோ? உள்ளுக்குத் திறந்தே பாக்கேல்லையடி நீ" என்றான். விபத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் முதல்முதலாகச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

விபத்து என்று சொன்னால் ஏதோ பெரிதாக மோதி உடைந்த மாதிரி இருக்கும். ஜெகதீஸ் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்குச் சுழியோடுகிறவன். அன்றைக்கு ஆழத்திலிருந்து கெதியாக மேலே வந்துவிட்டான், இரத்தத்துக்குள் காற்றுக் குமிழ் அடைத்துவிட்டது, அவ்வளவுதான். வள்ளத்தில் ஏறும்போது கால் விறைத்தது. பிடிப்பு என்றார்கள் கூட வந்தவர்கள். கரையில் கிடத்தி, நல்லெண்ணெய் காய்ச்சி, ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தேய்த்தார்கள். அன்பாகத்தான் தேய்த்தார்கள், பொழுதுபடும் மட்டும் தேய்த்தார்கள். நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்தது றஞ்சனி. ஆஸ்பத்திரியில் டொக்டர், "உடனே கொண்டுவந்திருக்கலாம் அம்மா" என்று மட்டும் சொன்னார், ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் அவனுடைய கால்களைத் துடைக்கிற ஒவ்வொரு காலையும் அவளுடைய உள்ளங்கையில் அந்த எண்ணெய்ச் சூடு வந்து நிற்கும். தூக்குவது, இறக்குவது, கழுவுவது, தண்ணிக்கு ஓடுவது, நண்டு உடைப்பது எல்லாவற்றையும் செய்துவிடுவாள். அந்தச் சூடுதான் அவளைத் தின்றது.

குசினிக்குள் கைத்தொலைபேசி அடித்தது. சைப்பிரசில் வேலை செய்கிற தங்கச்சி பிரேமினி.

"அக்கா, என்ன முடிவெடுத்தனி? தாயைப் பாக்க ஆள் தேடுற அந்த மனிசிக்கு இனிப் பொறுக்க ஏலாதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சொல்லாட்டி வேற ஆளைப் பாக்கப் போகினம்."

"மெல்லமாக் கதையடி" என்றாள் றஞ்சனி, அங்கே பிரேமினி எவ்வளவு மெல்லக் கதைத்தால் என்ன என்பதை மறந்து. "றோஸ் மச்சாள் இவரைத் தான் பாத்துக்கொள்ளுறன் எண்டிட்டா. இவருக்குத்தான் இன்னும் சொல்லேல்லை."

"ரெண்டு வருசம்தானே. நீயும் ஒருக்கா நிமிர வேண்டாமே?"

நிமிரவேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. அங்கேயும் ஒரு கிழவியைத் தூக்கி இறக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கிழவியின் கால்களை அவள் கெடுத்திருக்கமாட்டாள். றஞ்சனியின் ஒரே மகள் மன்னாரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள், அவளும் போகச் சொல்லிவிட்டாள். ஊரில் தெரியவேண்டிய எல்லாருக்கும் தெரியும். கட்டிலில் கிடக்கிறவனிடம் எப்படி வாய் திறப்பது என்பதுதான் தெரியவில்லை.

உள்ளேயிருந்து அவன் கூப்பிட்டான். "றஞ்சி, இஞ்ச வா. வெளிச்சவீட்டுக்காரியின்ரை கதையில ஒரு இடம் சொல்ல மறந்திட்டன்."

தேங்காயையும் திருவலையையும் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலடியில் இருந்தாள். புட்டுக்கு எப்படியும் திருவத்தான் வேண்டும், கதை கேட்டுக்கொண்டே திருவினால் ஒன்றும் குறையாது.

மட்டையில்லாத புத்தகத்தின் கதை அது. கடல் நடுவே ஒரு வெளிச்சவீடு. புருசன் மேலே இருந்து விளக்கு எரிக்கிறவன், வாய் திறந்து கதைக்காதவன். பெண்சாதி ஒவ்வொரு நாளும் எண்ணெய் சுமந்துகொண்டு படியேறுவாள். புத்தகம் கிழிந்த இடத்தில் அவள் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்குதுறைக்கு நடக்கிறாள். அந்தக் கடைசி வரியை ஜெகதீஸ் நூறு தரம் சொல்லியிருப்பான், அவளுக்கும் பாடமாகிவிட்டது.

"பேந்து என்ன நடந்தது?" என்று முதல் தரம் கேட்டவள் அவள்தான்.

"பேந்தென்ன, மூட்டைக்குள்ள எண்ணெய்ப் போத்தில்தான். கரைக்குப் போய் எண்ணெய் வாங்கிக்கொண்டு, விளக்கேத்துற நேரத்துக்குத் திரும்பி வந்திட்டாள்" என்று அவன் சொன்னான். அதன் பிறகு அந்த முடிவை மாற்றவேயில்லை.

வாசிப்பு மாதத்துக்காக அந்தச் சனிக்கிழமை சந்தி வாசிகசாலையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். எல்லாரும் வாசிக்கவேண்டிய ஒரு புத்தகத்தைப் பற்றி ஊர் ஆட்களே வந்து பேசவேண்டும் என்பது நூலகர் நிரோஜினியின் யோசனை. வேலணையிலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகிற பிள்ளை, உற்சாகம் இன்னும் தேயாத பிள்ளை. அவள் வீடு தேடி வந்து கேட்டதும், ஜெகதீஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவான் என்று றஞ்சனி காத்துக்கொண்டு நின்றாள். கோயிலுக்கு வரச்சொல்லி எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! கால் இழுபட, நாலு பேர் தூக்க, ஊர் பார்க்க, தன்னால் ஏலாது என்று வாசல் படலையைத் தாண்டாதவன்.

"வாறன்" என்றான் ஜெகதீஸ். "மட்டையில்லாததைப் பற்றிக் கதைக்கலாமோ?"

அன்றிலிருந்து அவன் தாடி வழிக்கத் தொடங்கினான். நல்ல சேட்டு ஒன்றை எடுத்துச் சுருக்கம் போக மினுக்கி வைக்கச் சொன்னான். றோஸின் மகன் கிளின்ரன் தன் ஓட்டோவில் கொண்டுபோவது என்று பேச்சு. அவன் முகத்தில் பழைய ஜெகதீஸ், வள்ளத்தின் முன் அணியத்தில் நின்று விசில் அடிக்கிறவன், கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப்பார்க்கத் தொடங்கினான். அதைப் பார்க்கப் பார்க்க றஞ்சனிக்கு சந்தோசமாகவும் இருந்தது, சைப்பிரசைப் பற்றி இனி எப்படிச் சொல்வது என்ற யோசனையும் கூடியது.

கூட்டத்துக்கு முதல்நாள் காலை, பஸ்சுக்கு நின்ற றஞ்சனியை நிரோஜினி ஓடிவந்து மறித்தாள்.

"அக்கா, ஆம்பிட்டிட்டுது!"

"என்ன பிள்ளை?"

"அண்ணையின்ரை புத்தகம். அவர் காட்டின பக்கத்தைப் போட்டோ எடுத்துப் பேஸ்புக்கில போட்டனான். காரைநகரில ஒரு ஐயா, போஸ்ட்மாஸ்டரா இருந்து பென்சன் எடுத்தவர், தன்னட்டை முழுப் புத்தகம் இருக்கெண்டு பஸ்சில குடுத்துவிட்டிருக்கிறார். திருப்பிக் குடுக்க வேணும், கவனம். நாளைக்குக் கூட்டத்துக்கு முதல் அண்ணையின்ரை கையில குடுங்கோ. பாவம், முடிவு தெரியாமல் எவ்வளவு காலமா இருக்கிறார்."

மட்டையில் ஒரு வெளிச்சவீட்டின் படமும் நீட்டுப் பெயரொன்றும் இருந்தன. பெயர் றஞ்சனியின் மனதில் நிற்கவில்லை. வெளிச்சவீடு நின்றது.

கொம்பனியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் பெண்கள் பூவரசு நிழலுக்கு வந்தார்கள். சோற்றுப் பெட்டியை எடுக்கப் பைக்குள் விட்ட கை புத்தகத்தில் பட்டது. கையைப் பைப்புத் தண்ணியில் கழுவியிருந்தாள், தேசிக்காய் அங்கே ஏது? ஒருகணம் யோசித்தாள். பிறகு எடுத்தாள். பின்பக்கமாகப் புரட்டி, தனக்குப் பாடமான வரியைத் தேடினாள். மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்குதுறைக்கு நடந்தாள். இருந்தது. அதற்குக் கீழே, ஜெகதீஸ் ஒருநாளும் பார்க்காத வரிகள் தொடங்கின.

"என்னடி, சோதினைக்குப் படிக்கிறியோ?" என்றாள் பக்கத்தில் சோறு பிசைந்தவள்.

றஞ்சனி பள்ளிக்கூடம் விட்ட காலத்துக்குப் பிறகு ஒரு பக்கத்தை முழுதாக வாசித்ததில்லை. விரலை வரிக்குக் கீழே வைத்து எழுத்தெழுத்தாக நடந்தாள். வள்ளம் வந்தது. வள்ளக்காரன், சாமான் வாங்கவா என்று கேட்டான். அந்தப் பெண் இல்லை என்று ஏறினாள். மூட்டைக்குள் எண்ணெய்ப் போத்தல் இல்லை, அவளுடைய உடுப்புகள்தான் இருந்தன. நடுக்கடலில் பொழுதுபட்டது. அன்றைக்கு விளக்கு எரிந்ததா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

அடுத்த தாளைப் புரட்டினாள். வெறுந்தாள்.

முதலில் அவளுக்கு அந்தப் பெண்மேல் கோபம் வந்தது. மேலே ஒரு மனிதன் காத்துக்கொண்டிருக்க, இப்படியும் ஒருத்தி போவாளா? பிறகு பொறாமை வந்தது. ஒருவரிடமும் கேட்காமல், ஒருவருக்கும் சொல்லாமல் வள்ளத்தில் ஏறிவிட்டாளே! அதற்குப் பிறகு வந்தது பயம். சைப்பிரசுக்குப் போக எண்ணுகிற தன்னை யாரோ முன்னமே பார்த்து அச்சடித்து வைத்துவிட்ட மாதிரிப் பயம். சோற்றைத் தொடாமலே பெட்டியை மூடினாள். மணி அடித்தது, மேசைக்குப் போய்விட்டாள்.

இதை அவனுக்குக் கொடுக்க ஏலாது. அவள் திரும்பி வந்தாள் என்ற முடிவைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனிதன் எழும்பி இருக்கிறான். அதையும் பறித்தால் நாளைக்குப் படலையைத் தாண்டுவானா? வீட்டுக்கு வந்து புத்தகத்தை அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே செருகினாள்.

மறுநாள் காலையும் கொம்பனிக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. அரைநாள் வேலை முடித்து ஓடிவந்து, கையை வெறும் தண்ணியில் அலம்பிவிட்டு, அவனை உடுப்பாட்டினாள். மழை அந்த நேரம் பார்த்துத்தான் தொடங்கவேண்டுமா? கிளின்ரன் மாமனைக் குழந்தைபோலத் தூக்கி ஓட்டோவில் வைத்தான். றஞ்சனி உருளும் கதிரையின் சில்லைப் பிடித்தபடி நனைந்துகொண்டு பின்னால் இருந்தாள். ஒழுங்கைச் சனம் படலைகளில் நின்று பார்த்தது. ஜெகதீஸ் கண்ணை மூடவில்லை. மிரோஜனின் பவுசர் எதிரே வந்தபோது, "எடேய், வாசிச்சிட்டியோ?" என்று கத்தினான்.

வாசிகசாலையில் பெரிய கூட்டம் என்று சொல்லமுடியாது. வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சங்கத்து ஆட்கள், தேத்தண்ணிக்கு வந்தவர்கள். முதலில் பேசியவர்கள் உலகத்தையே மாற்றின புத்தகங்களைப் பற்றிப் பேசினார்கள். ஒவ்வொருவரும் முடிக்கும்போது, இதை எல்லாரும் கட்டாயம் வாசிக்கவேண்டும் என்றார்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். றஞ்சனி வாசலோரமாக, நனைந்த குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருந்தால் நித்திரையாகிவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

ஜெகதீஸின் முறை வந்தது. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எனக்குப் பேசத் தெரியாது. நான் சொல்லப்போற புத்தகத்துக்குப் பேரும் இல்லை. இருந்த பேரை எங்கட அக்கா கருவாடு சுத்திப்போட்டா."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அதில ஒரு வெளிச்சவீடு. புருசன்காரன் மேல இருந்து விளக்கெரிப்பான். கடலால போற ஆக்கள் எல்லாரும் அவனைத்தான் கும்பிடுவினம். பெண்சாதி கீழயிருந்து எண்ணெய் சுமந்துகொண்டு ஏறுவாள், இறங்குவாள். கப்பல்காரருக்கு விளக்குத் தெரியும், எண்ணெய் சுமக்கிறவளைத் தெரியாது. முதல் தரம் வாசிக்கேக்கை எனக்கும் அவளைத் தெரியேல்லை. நானும் விளக்கைத்தான் பாத்தனான், அவன்ரை கவலையைத்தான் பாத்தனான். திருப்பி வாசிக்கத்தான், ஒவ்வொரு பக்கத்திலயும் அவள் படியேறிக்கொண்டு இருந்தது தெரிஞ்சுது. ஒருத்தரும் அவளைக் களைச்சுப்போனியோ எண்டு கேக்கேல்லை. புருசன்காரனும் கேக்கேல்லை. அதாலதான் சொல்லுறன், எல்லாரும் வாசிக்க வேணும். ரெண்டு தரம் வாசிக்க வேணும்."

அவன் வாசல் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் றஞ்சனி அந்த இடத்திலேயே உடைந்து போயிருப்பாள்.

முன்வரிசையில் இருந்த ஆசிரியை கம்சிகா கேட்டாள், "கதையின்ரை முடிவு என்ன அண்ணை?"

"முடிவு கருவாட்டோட போயிட்டுது, டீச்சர்." சிரிப்பு அடங்கும் வரை பொறுத்தான். "என்ரை மனிசிக்கு ஒரு முடிவு சொல்லி வைச்சிருக்கிறன். எண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திட்டாள் எண்டு. அது நான் கட்டினது. இவ்வளவையும் கண்டு எழுதின மனிசன் அப்பிடி எழுதியிருக்க மாட்டான். அவளைப் போகவிட்டிருப்பான் எண்டுதான் நான் நினைக்கிறன்."

"ஏனண்ணை நினைக்கிறியள்?" என்று துள்ளிக்கொண்டு எழும்பினாள் நிரோஜினி. "நேற்று முழுப் புத்தகத்தையும் அக்காட்டைக் குடுத்துவிட்டனே! இன்னும் பாக்கேல்லையோ?"

கூட்டம் முழுக்க வாசலைத் திரும்பிப் பார்த்தது. ஜெகதீஸும் இப்போது பார்த்தான். ஒரு கணம்தான்.

"தந்தவ, தந்தவ" என்றான் ஒலிவாங்கியில். "நான்தான் கூட்டம் முடியட்டும் எண்டு வைச்சிருக்கிறன்."

கிளின்ரன் மட்டும், மாமா கலக்கிப்போட்டார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். றோஸ் சுடச்சுடக் கூழ் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மழை தகரத்தில் பெரிதாகக் கொட்டியது.

"கொண்டா" என்றான் ஜெகதீஸ்.

அவள் அலுமாரியைத் திறந்து சேலைக்குள்ளிருந்து எடுத்துவந்து கொடுத்தாள். அவன் மட்டையைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்க்கவில்லை. முன்பக்கத்தை விரித்து மணந்தான். பின்பக்கத்தை விரித்து மணந்தான். அப்படியே கொஞ்சநேரம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

"உள்ளுக்கு மணக்குது" என்றான்.

றஞ்சனி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசிப் பக்கங்கள் மட்டும். அவள் போயிட்டாளோ?"

"ஓம்."

"திரும்பிப் பாத்தவளோ?"

"இல்லை."

அவன் புத்தகத்தை மூடி நெஞ்சில் வைத்தான். அவள் பயந்த மாதிரி முகம் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

"பிரேமினிக்கு நாளைக்கெல்லே பதில் சொல்ல வேணும்?"

"ஆர் உங்களுக்குச் சொன்னது? மச்சாளோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. குசினிக்குள்ள நிண்டு கதைக்கிறாய். எனக்குக் கால்தான் போனது, காது போகேல்லை."

அவள் அப்படியே நிலத்தில் குந்தினாள். அழுகை வந்தது, அடக்கவில்லை. "நான் களைச்சுப்போனன். உங்களில கோபமில்லை. எனக்கு ஏலாமக் கிடக்கு. அண்டைக்கு அந்த எண்ணெயைக் காய்ச்சாமல் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால்..."

"விசரி" என்றான் அவன். "தேய்க்கச் சொன்னது நான். பிடிப்பெண்டு முதல் சொன்னதும் நான்தான். இவ்வளவு காலமும் அதையோ சுமந்தனி?"

அவள் தலையாட்டினாள். அவன் கை நீட்டி அவளுடைய தலையில் வைத்தான். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. கூழ் ஆறி ஏடு கட்டியது.

"ரெண்டு வருசமோ?"

"ஓம்."

"அக்கா பாப்பா. நிரோஜினிப் பிள்ளை புத்தகம் கொண்டுவருவாள். நீ போ."

சொல்லிவிட்டான். பிறகு தலையணைக்குக் கீழே கை விட்டு, மட்டையில்லாத, தலையும் காலும் இல்லாத அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து நீட்டினான்.

"இதைக் கொண்டு போ."

"முழுசு இருக்கேக்கை இது ஏன்?"

"முழுசு காரைநகர் ஐயாவின்ரை, திருப்பிக் குடுக்க வேணும். அதில முடிவும் இருக்கு. இதில இல்லை."

"நான் வாசிக்கமாட்டன் எண்டு தெரியும்தானே?"

"வாசிப்பாய்" என்றான் ஜெகதீஸ். "திரும்பி வந்தோடனை ஒவ்வொரு பக்கமா மணந்து பாப்பன்."

காலையில் உடைத்த நண்டின் மணம் அவள் விரல்களில் அப்படியே இருந்தது. தேசிக்காய் குசினித் தட்டில் கிடந்தது. றஞ்சனி கழுவப் போகாமல், அந்தக் கையாலேயே புத்தகத்தை வாங்கினாள்.